மூணு ஸ்டேஷன்... ஒரு டிஸ்க் ப்ளேயர்!

உங்க வீட்டு அலமாரியை ஒரு தடவை கிளறிப் பாருங்க பாஸ். பழைய கல்யாண ஆல்பத்துக்கு அடியில, டி.வி. வாரன்டி கார்டுக்குப் பக்கத்துல, தூசி படிஞ்ச ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். உள்ளே பத்து இருபது சி.டி. ஒண்ணு ரெண்டு கடையில வாங்கின ஒரிஜினல் பாட்டு. மீதியெல்லாம் மார்க்கர் பேனாவால எழுதினது. 'மிக்ஸ் சாங்ஸ் 2', 'ஆண்டு விழா', 'டூர் 2006'... அக்காவோ, மாமாவோ, சித்தப்பாவோ காலேஜ் படிச்சப்போ பிரவுசிங் சென்டர்ல காசு கொடுத்து 'பர்ன்' பண்ணினது.

இப்போ ஒரு கேள்வி. அதை எதுல போட்டுக் கேட்பீங்க?

லேப்டாப்ல? இப்போ வர்ற லேப்டாப் பலதுலயும் டிஸ்க் போடுற இடமே கிடையாது. டி.வி.டி. ப்ளேயர்? அது எப்பவோ பரணுக்குப் போயிடுச்சு. ஆக, பாட்டு கையில இருக்கு, பாடுறதுக்கு ஆள் இல்ல!

எங்க வீட்டு டப்பாவுல இருந்தது பாட்டு இல்ல, எங்க தாத்தா. 2004-ல் சித்தப்பா கம்ப்யூட்டர் வாங்கின புதுசுல, ஒரு மைக்கை மாட்டி தாத்தாவைப் பேச வெச்சுப் பதிவு பண்ணி, சி.டி.யில் ஏத்தி வெச்சிருக்கார். தாத்தா இப்போ இல்லை. பாட்டி இருக்காங்க. "அந்தத் தட்டைப் போட்டுக் காட்டேன்"னு அவங்க கேட்டப்போதான் விஷயமே ஆரம்பிச்சது.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? போனை எடுத்தேன், படம் பார்த்தேன், பழைய ப்ளேயர் ஒண்ணை ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். மூணு நாள்ல பளபளன்னு வந்தது. பாட்டி பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. தட்டைப் போட்டு மூடினேன். 'ர்ர்ர்... ர்ர்ர்...' ரெண்டு சுத்து சுத்திட்டு, சின்னத் திரையில் எழுத்து வந்தது: 'நோ டிஸ்க்'.

தட்டு செத்துப் போச்சா, ப்ளேயர் செத்துப் போச்சா? எனக்குத் தெரியலை. பாட்டி எதுவும் சொல்லாம எழுந்து உள்ளே போயிட்டாங்க. அது இன்னும் கஷ்டமா இருந்தது.

அதனாலதான் சொல்றேன். இந்தச் சாமானைப் படம் பார்த்து வாங்காதீங்க. கையில தட்டை எடுத்துக்கிட்டு கடைத்தெருவுக்குப் போங்க. சென்னையில அதுக்குன்னே ஒரு ரூட் இருக்கு. மெட்ரோ நீல வழித்தடத்துல அடுத்தடுத்து மூணு ஸ்டேஷன். வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!

கிளம்புறதுக்கு முன்னாடி...

பையில மூணு தட்டு எடுத்துக்கோங்க. ஒண்ணு, கடையில வாங்கின ஒரிஜினல் ஆடியோ சி.டி. ரெண்டாவது, வீட்டுல பர்ன் பண்ணின சி.டி.-ஆர். மூணாவது, எம்.பி.3 ஃபைல்கள் நிரப்பின ஒரு தட்டு. கூடவே உங்களுக்குப் பழகின வயர் ஹெட்போன், ரெண்டு 'ஏஏ' பேட்டரி. அவ்வளவுதான் ஆயுதம்.

ஏன் மூணு? ஒரிஜினல் தட்டு ஃபேக்டரியில அச்சடிச்சது, ஒளியை நல்லாத் திருப்பி அனுப்பும். பர்ன் பண்ணின தட்டுல ஒரு சாயப் பூச்சுதான் பாட்டைத் தாங்கிக்கிட்டிருக்கு. லென்ஸுக்கு வயசாயிட்டா, முதல்ல திணறுறது அதுலதான். கடைக்காரர் ஒரு ஒரிஜினலைப் போட்டு 'பார்த்தீங்களா, எப்படிப் பாடுது!'ன்னு காட்டுவார். நீங்க மயங்கிடக் கூடாது. உங்க தட்டு பாடினாத்தான் அது ப்ளேயர்.

முதல் ஸ்டேஷன்: அரசினர் தோட்டம்

இறங்கி மேலே வந்தா அண்ணா சாலை. ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கமா, கேசினோ தியேட்டர் இருக்கிற பக்கம் விசாரிச்சா சின்னக் குழந்தையும் வழி சொல்லும்... ரிச்சி தெரு! பேருதான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருன்னு பக்கத்துச் சந்துகளையும் சேர்த்துத்தான் மொத்தமா 'ரிச்சி ஸ்ட்ரீட்'னு சொல்றோம். ஞாயிற்றுக்கிழமை போய் நிக்காதீங்க, பெரும்பாலும் ஷட்டரைத்தான் பார்ப்பீங்க.

இன்ஜினீயரிங் படிக்கிற யாரும் இந்தத் தெருவுக்கு வராம டிகிரி வாங்கினதில்லைன்னு சொன்னா பெரிய பொய் ஆகாது. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ரெசிஸ்டர் வாங்க வந்து, பாக்கெட்ல இருந்த காசை ஹெட்போனுக்குச் செலவழிச்சுட்டுப் போன கதை ஒவ்வொரு ஹாஸ்டல்லயும் இருக்கும். ஒரு ஆள் நிக்கிற அகலத்துல ஒரு கடை. சி.சி.டி.வி. கேமரா, கேபிள் சுருள், எல்.ஈ.டி. பல்பு, மதர்போர்டு... எங்கேயோ சால்டரிங் வாசனை. நடுவுல பைக்கும் தள்ளுவண்டியும். 'என்ன வேணும் சார், லேப்டாப்பா, சர்வீஸா?'ன்னு பத்தடிக்கு ஒரு குரல்.

'பழைய சி.டி. ப்ளேயர், பேட்டரில ஓடுறது'ன்னு கேளுங்க. முதல் நாலு கடையில சிரிப்பாங்க. அஞ்சாவது கடையில, 'உள்ளே அந்தப் பழைய பெட்டில பாரு தம்பி'ம்பாங்க. அதுதான் உங்க கடை.

இந்த மாதிரி சாமான் எப்போ வந்ததுன்னு ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். வீட்டுல வெச்சுக் கேட்கிற முதல் சி.டி. ப்ளேயரை சோனி 1982 அக்டோபர் 1-ல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. ரெண்டே வருஷத்துல, 1984-ல், கையில தூக்கிட்டுப் போற டி-50 வந்தது. விலை 49,800 யென். அந்த வம்சத்துக்குத்தான் 'டிஸ்க்மேன்'னு பேர் வந்தது. நம்ம ஊர்ல எந்தக் கம்பெனி ப்ளேயரா இருந்தாலும் 'டிஸ்க்மேன்'தான். 2000-ல் பிலிப்ஸின் 'எக்ஸ்பேனியம்' வந்து, எம்.பி.3 தட்டையும் பாட வெச்சது. ஒரு தட்டுல பதினஞ்சு பாட்டு கேட்டவங்களுக்கு 150 பாட்டு! ஆனா அடுத்த வருஷமே, 2001 அக்டோபர்ல, ஐபாட் வந்துடுச்சு. அப்புறம் போன். டிஸ்க்மேன் மெதுவா டிராயருக்குள்ளே போயிடுச்சு.

சரி, பெட்டியில இருந்து ஒண்ணு வெளியே வந்தாச்சு. இனி பரீட்சை!

பேட்டரி மூடியைத் திறங்க. உள்ளே வெள்ளையாவோ பச்சையாவோ பொடி படிஞ்சிருந்தா, பழைய பேட்டரி கசிஞ்சிருக்கு. லேசா இருந்தா சுத்தம் பண்ணிடலாம். ஸ்பிரிங்கே அரிச்சிருந்தா கும்பிடு போட்டுட்டு அடுத்ததைப் பாருங்க. சில ஒல்லிப்பிச்சான் மாடல்கள்ல 'ஏஏ' பேட்டரி நுழையாது. சூயிங்கம் பாக்கெட் மாதிரி தட்டையான ஒரு ஸ்பெஷல் பேட்டரிதான் கேட்கும். அழகுக்கு ஆசைப்பட்டு அதை எடுத்தா, பேட்டரியைத் தேடி ஊரெல்லாம் அலையணும்.

மேல் மூடி. தட்டைப் போட்டு மூடினா 'க்ளிக்'னு உட்காரணும். லூசா இருந்தா, தட்டு உள்ளே இருக்கிறதே ப்ளேயருக்குத் தெரியாது. லென்ஸைப் பாருங்க. கண்ணாடி முத்து மாதிரி நடுவுல நீலமா மின்னும். தூசி பரவாயில்லை, கீறல் ஆகாது. மூடியைத் திறந்து வெச்சே ஓட்டி, லென்ஸை எட்டிப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். அந்த லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாத ரகம், ஆனா கண்ணுக்கு நல்லதில்லை.

இப்போ தட்டு. முதல் பாட்டைக் கேட்டுட்டு, நேரா கடைசிப் பாட்டுக்குப் போங்க. சி.டி. உள் வட்டத்துல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா படிக்கிற சாமான். உள்ளே இருக்கும்போது நிமிஷத்துக்கு 500 சுத்து, ஓரத்துக்கு வரும்போது 200. லென்ஸ் நகருற பாதை சரியில்லைன்னா கடைசிப் பாட்டுல குட்டு வெளிப்படும். நிறையப் பேர் முதல் பாட்டோட திருப்தியாகிக் காசை நீட்டிடுறாங்க.

அப்புறம், ஓடிக்கிட்டிருக்கும்போதே கையில எடுத்து லேசா குலுக்குங்க. குதிக்காமப் பாடினா 'ஆன்டி-ஷாக்' வேலை செய்யுதுன்னு அர்த்தம். இது மேஜிக் இல்ல. ப்ளேயர் தட்டை வேகமாப் படிச்சு, சில விநாடிப் பாட்டை முன்கூட்டியே மெமரியில சேர்த்து வெச்சுக்கும். பஸ் பள்ளத்துல இறங்கி லென்ஸ் தடுமாறினாலும், சேர்த்து வெச்சதிலிருந்து பாடிக்கிட்டே இருக்கும். நம்ம ஊர் ரோட்டுக்கு இது இல்லாத ரொம்பப் பழைய மாடல் சரிப்படாது.

கடைசியா ஹெட்போன் ஓட்டை. ஜாக்கைச் சுத்திப் பாருங்க. கரகரன்னா, ஒரு காதுல நின்னு போனா, உள்ளே சால்டரிங் விட்டிருக்கும். அது ரிப்பேர் பண்ணக்கூடியதுதான். அதைக் காட்டி விலையைக் குறையுங்க!

நான் தாத்தா தட்டை எடுத்துக்கிட்டுப் போன அன்னிக்கு, கடைக்கார அண்ணன் அதை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தார். "தம்பி, தட்டு நல்லாத்தான் இருக்கு. உன் ப்ளேயர்லதான் லென்ஸ் வீக்"ன்னார். அவரோட பெட்டியிலிருந்து மூணு ப்ளேயரை எடுத்து வெச்சார். முதலாவது 'நோ டிஸ்க்'. ரெண்டாவது சுத்திக்கிட்டே இருந்தது. மூணாவது... ஹெட்போன்ல முதல்ல கேட்டது ஒரு குக்கர் விசில். அதுக்கப்புறம் தாத்தா தொண்டையைச் செருமினார்.

அந்தத் தெரு இரைச்சல்ல நான் ரெண்டு நிமிஷம் எதுவும் பேசலை. அண்ணனும் பேரத்தைப் பத்திப் பேசலை.

பிறகு அவரே சொன்னார், "ப்ளேயர் வாங்குறது இருக்கட்டும். முதல்ல இதைக் காப்பி எடு. யு.எஸ்.பி.ல செருகுற டி.வி.டி. டிரைவ் எதிர்க் கடையில இருக்கு." அருமையான யோசனை. இதை நீங்களும் குறிச்சுக்கோங்க. தட்டைக் காப்பாத்த டிரைவ், கேட்க ப்ளேயர். பர்ன் பண்ணின தட்டுல சாயம் வெயில்லயும் சூட்டுலயும் மங்கிக்கிட்டே வரும். இன்னிக்குப் பாடுறது அடுத்த வருஷம் பாடும்னு எந்த கேரண்டியும் இல்லை.

ரெண்டாவது ஸ்டேஷன்: சென்ட்ரல்

இங்கே ப்ளேயருக்காக இறங்க வேண்டாம், கதைக்காக ஒரு நிமிஷம். சென்ட்ரலுக்குப் பக்கத்துலதான் மூர் மார்க்கெட் இருந்தது. 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், இசைத்தட்டு, எது வேணும்னாலும் கிடைக்கும்னு உங்க தாத்தா தலைமுறை சொல்லும். 1985-ல் தீயில் போச்சு. கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. 'பழசு எங்கே போயிடப் போகுது, அப்புறம் பார்த்துக்கலாம்'னு நினைக்கிறவங்க, ரயில் இந்த ஸ்டேஷன்ல நிக்கிற நேரத்துக்கு மட்டும் அந்த மார்க்கெட்டை நினைச்சுக்கோங்க.

மூணாவது ஸ்டேஷன்: உயர் நீதிமன்றம்

இறங்கி, பாரிமுனையைத் தாண்டி ராஜாஜி சாலைப் பக்கம் திரும்பினா, பீச் ஸ்டேஷனைப் பார்க்கிற திசையில வரிசையா சின்னச் சின்னக் கடைகள். பர்மா பஜார்! பர்மாவுல 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்தடுத்து கடைகளையும் வியாபாரத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்போ, தலைமுறையா அங்கே இருந்த தமிழர்கள் கையில கிடைச்சதோட கப்பலேறி வந்தாங்க. அவங்க பிழைப்புக்காக உருவானதுதான் இந்தக் கடைவரிசை. 'ஃபாரின் சாமான்'னு ஒரு வார்த்தைக்கே மவுசு இருந்த காலத்துல, டேப் ரெக்கார்டரும் வாக்மேனும் இங்கேதான். 2000-களில் திருட்டு வி.சி.டி., டி.வி.டி. இங்கே கொடிகட்டிப் பறந்தது ஊரறிஞ்ச கதை.

இப்போ போன் கவரும் சார்ஜரும்தான் அதிகம். ஆனா நமக்கு வேண்டியது ரெண்டு இங்கே தேடலாம். அடாப்டர், ஹெட்போன்.

அடாப்டர்ல உஷார்! ப்ளேயர் மேல எத்தனை வோல்ட்னு எழுதியிருக்கும். பக்கத்துல ஒரு வட்டம், நடுவுல புள்ளி, ரெண்டு பக்கமும் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். பின்னோட நடுப்பக்கம் பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு அதுதான் சொல்லும். வோல்ட்டும் குறியும் ரெண்டுமே பொருந்தணும். 'பின் நுழையுது சார், போதும்'னு சொன்னா நம்பாதீங்க. நுழையும், புகையும் வரும். இன்னொண்ணு, உள்ளேயே சார்ஜ் ஏத்துற மாடலா இருந்தா, சாதாரண பேட்டரியைப் போட்டுட்டு சார்ஜ்ல வைக்கக் கூடாது. சார்ஜ் ஏறுற பேட்டரிக்கு மட்டும்தான் அந்த வசதி.

இங்கேயோ ரிச்சி தெருவிலேயோ, உள்ளங்கைக்குள்ளே அடங்குற ஒரு குட்டி அழகியைக் காட்டலாம். 'மினி டிஸ்க்' ப்ளேயர். 1992-ல் சோனி கொண்டு வந்தது. 6.4 செ.மீ. தட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அழகுதான். ஆனா உங்க சி.டி. அதுல நுழையாது. அதுக்கான வெற்றுத் தட்டுத் தயாரிப்பையும் சோனி 2025 பிப்ரவரியோட நிறுத்திடுச்சு. காதல் வந்தா உங்க பாடு!

பழசே வேண்டாம், புதுசு வேணும்னா? அதுவும் இருக்கு. 'ஃபியோ' மாதிரி சீனக் கம்பெனிகள் 2024-லயும் புது சி.டி. ப்ளேயர் கொண்டு வந்திருக்கு. புளூடூத் உண்டு, உள்ளேயே சார்ஜ் ஏறும். பாக்கெட் தாங்கினா வாங்குங்க. ஆனா அதுலயும் அதே பரீட்சைதான். எம்.பி.3 தட்டு படிக்குமா, உங்க பர்ன் தட்டு படிக்குமான்னு கேட்டு, போட்டுப் பார்த்துட்டு.

வீட்டுக்கு வந்தப்புறம்...

தட்டு பர்ன் பண்றவங்களுக்கு சில டிப்ஸ். 700 எம்.பி. தட்டுல ஆடியோ சி.டி.யா ஏத்தினா 80 நிமிஷம். 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3-ஆ ஏத்தினா நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி., அதாவது கிட்டத்தட்ட 12 மணி நேரம்! சென்னையிலிருந்து கன்னியாகுமரி ரயிலுக்கு ஒரே தட்டு போதும். ஃபைல் பேரை இங்கிலீஷ்ல வையுங்க, முன்னாடி 01, 02-ன்னு நம்பர் கொடுங்க. இல்லைன்னா வரிசையைத் தாறுமாறாக்கிடும். முடிக்கும்போது 'ஃபைனலைஸ்' பண்ண மறந்துடாதீங்க. திரும்பத் திரும்ப எழுதுற சி.டி.-ஆர்.டபிள்யூ. வேண்டாம். பழைய ப்ளேயர் பலதுக்கும் அது கண்ணுக்கே தெரியாது.

தட்டைத் துடைக்கும்போது வட்டமா துடைக்காதீங்க. நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேர்க்கோட்டுல. பளபளக்கிற அடிப்பக்கத்தை எல்லாரும் பத்திரமா பார்த்துக்குவாங்க. உண்மையில எழுதுற மேல்பக்கம்தான் ரொம்ப மென்மை. பாட்டு இருக்கிற படலம் அதுக்குச் சரியா கீழேதான் இருக்கு. பால்பாயின்ட் பேனாவால அழுத்தி எழுதினா அந்த இடத்துப் பாட்டு காலி.

முக்கியமா, தண்டவாளத்தைத் தாண்டும்போதும் ரோட்டைக் கடக்கும்போதும் ஹெட்போனைக் கழட்டுங்க. பாட்டு அங்கேயேதான் இருக்கும், 'பாஸ்' பட்டன் எதுக்கு இருக்கு?

போன்ல எல்லாப் பாட்டும் இருக்கே, இது எதுக்குன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். உலகத்துல இருக்கிற பாட்டெல்லாம் போன்ல இருக்கும். உங்க வீட்டு டப்பாவுல இருக்கிறது மட்டும் அதுல இருக்காது. தேடிப் பாருங்க, எங்க தாத்தா எந்த ஆப்லயும் வர மாட்டார்!

அன்னிக்கு ராத்திரி தாத்தா தட்டை ரெண்டு காப்பி எடுத்தேன். ஒரிஜினலை அலமாரியில வெச்சுட்டு, ஒரு காப்பியை ப்ளேயர்ல போட்டு, ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி, பாட்டி பக்கத்துல வெச்சேன். 'இந்தப் பட்டனை அமுக்கினா போதும் பாட்டி.' அமுக்கினாங்க. குக்கர் விசில்.

"அது நான் வெச்ச குக்கரு"ன்னாங்க பாட்டி. அதுக்கப்புறம் தாத்தா பேச ஆரம்பிச்சார். ஊர் ஏரி உடைஞ்ச கதை. பாதியில, "இல்ல, அவருக்குத் தேதி தப்பு. அது ஐப்பசியில்ல, கார்த்திகை"ன்னு பாட்டி அவரைத் திருத்தினாங்க. எப்பவும் திருத்துற மாதிரியே.

சரி பாஸ், எந்திரிங்க. முதல்ல அலமாரி, அப்புறம் மெட்ரோ. தட்டு மறக்காதீங்க!